ஃபுல் அண்ட் ஃபைனலும் எனது ஒரு ரூபாவும்

போன மாதம் ஒரு காலையில் தோட்டத்து ஆபிசிலிருந்து சுகந்தி தொலைபேசியில் பேசினாள். நான் விட்டுவிட்டு வந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்து வேலை பார்க்கிற பிள்ளை அவள்.

"சேர், ஒரு சின்ன உதவி. ஓய்வெடுத்துப் போற ஆளுங்க கையெழுத்து வைக்கிற பேப்பரை இனிமே மூணு மொழியிலயும் அடிக்கணுமாம். ஹெட் ஆபிஸ்ல சொல்லிட்டாங்க. சிங்களம் போட்டாச்சு. தமிழ்ல ஒரே ஒரு எடத்துல மாட்டிக்கிட்டேன்."

"எந்த எடம்?"

"ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட் சேர்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதை என்னிடமா கேட்பது? அந்த மூன்று சொல்லை வைத்துத்தானே நான் இத்தனை வருடம் சோறு தின்றேன். "அஞ்சு நிமிசம் குடுங்க பிள்ளை, எழுதி அனுப்புறேன்" என்று கம்பீரமாகச் சொல்லிவிட்டுப் பழைய கலண்டர் தாளைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஐந்து நிமிடம் இரண்டு நாளாகிவிட்டது. 'இறுதிக் கணக்கு முடிப்பு' என்று எழுதினேன். வாசித்துப் பார்த்தால் ஆளையே முடித்துவிட்ட மாதிரி இருந்தது. 'முழு இறுதித் தீர்வை' என்று எழுதினேன். துறைமுகத்தில் சாமானுக்கு வரி கட்டச் சொல்வது போலிருந்தது. 'பூரணமான' என்று தொடங்கினேன். தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த என் மனைவி பரமேஸ்வரி, "பூரணத்தக் கொழுக்கட்டைக்குள்ள வச்சுத்தான் பாத்திருக்கேன், பேப்பர்லயுமா வைப்பாங்க?" என்றாள். அதோடும் விடவில்லை.

"என்னங்க, அந்தப் பேப்பரை வாசிச்சு வாசிச்சே எத்தனை பேரை வெளிய அனுப்பியிருப்பீங்க? அதுக்கு என்ன அர்த்தம்னு இப்பத்தான் தேடுறீங்களா?"

சொல்லத் தெரியாத பதிலை எழுதியாவது பார்ப்போமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் கரவனெல்லைக்கு மேலே ஓர் இறப்பர் தோட்டத்தில் சின்னக் கிளாக்கராகச் சேர்ந்து பெரிய கிளாக்கராக வெளியே வந்தவன். அப்பா அதே தோட்டத்தில் பால் வெட்டினார். என்னை இரத்தினபுரியில் சொந்தக்காரர் வீட்டில் விட்டுப் படிக்க வைத்தார். நான் ஆங்கிலத்தில் ஒரு பாஸ் எடுத்துக்கொண்டு திரும்பினேன். அந்த ஒரு பாஸை வைத்துக்கொண்டு நான் போட்ட ஆட்டத்தை இப்போது நினைத்தால் எனக்கே என்னை ஓங்கி அறையலாம் போலிருக்கிறது. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதல் வருடம் மற்றவர்களுக்குத் தேநீர் வாங்கி வந்தேன். அடுத்த வருடம் ஸ்டோரில் பால் நிறுக்கிற இடத்தில் நின்று சட்டையெல்லாம் நாறினேன். அதற்கடுத்த வருடம் மீசை வைத்தேன். மீசை வந்ததும் வேலையும் வந்துவிட்டதாக நானே முடிவு செய்துகொண்டேன்.

தோட்டத்தை நடத்துகிற துரைமார் பலர் வந்து போனார்கள். நான் சொல்ல வேண்டியது கடைசியாக வந்தவரைப் பற்றி. சிங்களவர். ஆனால் தோட்டத் தமிழ் நன்றாகப் பேசுவார். சத்தம் போட மாட்டார். மிச்சம் வைப்பதுதான் அவருக்குப் பிடிக்காத ஒரே விசயம். பென்சிலை விரலில் பிடிக்க முடியாத அளவுக்குத் தேயும் வரை எழுதுவார். தேநீரைத் தூள் தெரியும் வரை குடிப்பார். 'பெண்டிங்' என்று யாராவது சொன்னால் முகம் சுளிப்பார். ஒரு வேலை முடிந்ததும் ஃபைலை மூடி அதன்மேல் இரண்டு தட்டுத் தட்டுவார். இரண்டாவது தட்டுக்குப் பிறகு அந்த விசயத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கக்கூடாது.

அவர் வந்த புதிதில், ஓய்வு பெறுகிற ஒருவருக்கான பேப்பரை அடித்து எடுத்துக்கொண்டு போனேன். அவர் வாசித்துவிட்டு, "மிஸ்டர் சிவலிங்கம், இந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியுமா?" என்று கேட்டார்.

"முடிஞ்சு போச்சுன்னு அர்த்தம் சேர்."

"அப்படி இல்லை. உக்காருங்க. ஃபுல் என்றால் நாங்க சொல்றது. குடுக்க வேண்டியது எல்லாம் குடுத்தாச்சு, பாக்கி இல்லை. ஃபைனல் என்றால் அவங்க சொல்றது. வாங்கிட்டோம், இனி கேக்க மாட்டோம். செட்டில்மென்ட் என்றால் ரெண்டு பேரும் ஒண்ணா சொல்றது. பேசி ஒத்துக்கிட்டோம். பேசாத விசயத்துக்கு செட்டில்மென்ட் இல்லை. அது வெறும் ரிசீட்."

இவ்வளவு வருடம் அடித்த சொல்லுக்குள் இத்தனை குரல் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பாதிப் பணம் கொடுக்கும்போது இதை எழுதக்கூடாது, 'ஒன் அக்கவுன்ட்', அதாவது கணக்கில் ஒரு பகுதி மட்டும், என்று எழுத வேண்டும், அப்போதுதான் மீதியைக் கேட்க வழியிருக்கும் என்றும் சொல்லிக் கொடுத்தார். நான் வெளியே வரும்போது ஓர் அடி உயரமாகிவிட்டேன். அதன் பிறகு கண்ட இடத்திலெல்லாம் அந்தச் சொல்லை எடுத்து விட்டேன். முடி வெட்டுகிறவருக்குக் காசு கொடுத்தாலும் ஃபுல் அண்ட் ஃபைனல். பரமேஸ்வரியோடு சண்டை போட்டு ஓய்ந்தாலும் ஃபுல் அண்ட் ஃபைனல். அவள் அதற்கு அடுத்த நாளே புதுக் கணக்குத் திறப்பாள், அது வேறு விசயம்.

கரவனெல்லை டவுனில் ஹமீது நானாவின் கடையில்தான் எங்களுக்கு மாதக் கணக்கு. ஒரு சம்பள நாளில் அந்த மாதத்துக் கணக்கைச் சதம் பாக்கியில்லாமல் எண்ணி வைத்து, மீசையைத் தடவிக்கொண்டு, "நானா, ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட்" என்றேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். மனுசனின் முகம் செத்துப் போய்விட்டது.

"என்ன கிளாக்கர், நம்மட கடைல என்ன கொறை? அரிசி சரியில்லையா? பொடியன் யாரும் ஏதும் சொன்னானா?"

"அய்யோ, அப்படி ஒண்ணும் இல்ல நானா. கணக்கைத் தீத்தேன், அவ்வளவுதான்."

"கணக்கைத் தொடச்சிட்டுப் போறவன் திரும்பி வாரதில்ல கிளாக்கர். ஒரு ரூபா எடுங்க. பாக்கி ஈக்கட்டும்." நான் வைத்த காசிலிருந்து ஒரு ரூபாவை எடுத்து என் பக்கம் தள்ளினார். "நீங்க எனக்கு ஒரு ரூபா தரணும். இப்பத்தான் சரி. போயிட்டு வாங்க."

பஸ்ஸில் வரும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. நம் ஆட்களும் இதைத்தானே செய்கிறோம். கலியாண வீட்டில் யாராவது ஐநூறு ரூபா மொய் எழுதுவார்களா? ஐநூற்றொன்றுதான். அந்த ஒரு ரூபா அடுத்த கொடுக்கல் வாங்கலுக்குத் தொடக்கம், உறவு அறுந்துவிடக் கூடாது. இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆங்கிலத்தில் ஒரு பாஸ் எடுத்ததில் கொஞ்ச நாள் மறந்து போயிருந்தேன்.

செட்டில்மென்ட் கொடுக்கிற நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆபிஸ் வராந்தாவில் மேசை போட்டு விரிப்பு விரிப்போம். ஓய்வு பெறுகிறவர் குளித்து, நல்ல சேலையோ வேட்டியோ உடுத்தி, திருநீறு பூசிக்கொண்டு வருவார். முதலில் தோட்டத்துச் சாமானைத் திருப்பித் தர வேண்டும். பால் வாளி, வெட்டுக் கத்தி. கத்தியைத் தரும்போது அநேகம் பேர் ஒரு தடவை கூர் பார்த்துவிட்டுத்தான் தருவார்கள். இனி யார் வெட்டப் போகிறார்களோ, ஆனாலும் மழுங்கின கத்தியைக் கொடுத்தோம் என்று பேர் வரக்கூடாதாம். பிறகு நான் எழுந்து நின்று பேப்பரை ஆங்கிலத்தில் வாசிப்பேன். ஒருவருக்கும் விளங்காது என்று தெரிந்தும் ஏற்ற இறக்கத்தோடு வாசிப்பேன். அப்புறம் துரை சொன்ன விளக்கத்தைத் தமிழில் சொல்வேன். முத்திரைமேல் கையெழுத்து, இல்லாவிட்டால் பெருவிரல். துரை காசோலையைக் கொடுத்துக் கையைக் குலுக்கி, ஃபைலில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போய்விடுவார்.

நானாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட சில நாளில் ஒரு பெரியவர் இப்படிக் காசோலையை வாங்கிய பிறகும் போகாமல் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"முடிஞ்சதுங்களா?"

"முடிஞ்சுதுங்க பெரியவரே."

"அப்ப இனிமே நான் இந்தப் பக்கம் வரக்கூடாதுங்களா?"

என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப்பையில் கையை விட்டேன். ஒரு ரூபாக் குத்திக் காசு அகப்பட்டது. அதைக் காசோலையின்மேல் வைத்து, "இது என் கையால. கணக்குத்தான் முடிஞ்சுது, போக்குவரத்து முடியல" என்றேன். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு படியிறங்கினார். அன்றிலிருந்து ஒவ்வொருவருக்கும் துரை உள்ளே போன பிறகு ஒரு ரூபா வைத்துக் கொடுத்தேன். சொந்தக் காசுதான். வாங்குகிறவர்கள் கும்பிடும்போது கோயில் தர்மகர்த்தா மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பேன். ஒரு ரூபாவுக்கு இவ்வளவு பெருமை வேறெங்கும் விலைக்குக் கிடைக்காது.

பாக்கியமும் அப்படித்தான் ஒரு நாள் வந்தாள். பால் வெட்டில் அவளுக்கு நிகர் அவள்தான், மரத்துக்குக் காயம் படாமல் பட்டையை எடுப்பாள். அவள் புருசன் பக்கவாதத்தில் விழுந்து, தொழிலாளர் குடியிருக்கிற லயத்தின் கடைசி அறையில், கடைசிக் காம்பராவில், படுத்த படுக்கையாக இருந்தார். மகன் கொழும்பில் ஒரு கடையில் வேலை, அந்தக் கடையின் பரணிலேயே படுக்கை. வாளியும் கத்தியும் தந்தாள், கையெழுத்து வைத்தாள், காசோலை வாங்கினாள். நான் ஒரு ரூபா வைத்துக் கொடுத்தேன். முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

ஒரு மழைக்காலம் போவதற்குள் ஹெட் ஆபிசிலிருந்து உத்தரவு வந்தது. பால் ஏற்றுகிற லொறி திரும்புவதற்கு இடமில்லையாம். லயத்தின் கடைசிக் காம்பராவை இடித்தால் திரும்பலாமாம். அந்தக் காம்பராவிலிருந்து யாரும் இப்போது தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்யவில்லை. பாக்கியம்தான் எல்லாக் கோரிக்கைக்கும் ஃபுல் அண்ட் ஃபைனல் என்று கையெழுத்து வைத்துவிட்டாளே, ஆகவே காம்பராவை விட வேண்டும் என்று கடிதம் அனுப்பச் சொன்னார்கள். கடிதத்தை அடித்தது நான்தான். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை.

அவள் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். வந்தவள் அழவில்லை.

"கிளாக்கரய்யா, இவரைத் தூக்கி உக்கார வைக்கவே ரெண்டாளு வேணும். இவரைத் தூக்கிக்கிட்டு நான் எங்கங்க போவேன்? கடைசி மூச்சு அந்த எடத்துலதான் போகணும்னு சாடை காட்டிக்கிட்டே இருக்காரு. அது ஒண்ணுதாங்க கேக்குறாரு."

நான் என்ன சொன்னேன்? "பாப்போம்" என்றேன். ஆபிஸில் பெரிய கிளாக்கர் சொல்கிற 'பாப்போம்' என்பதற்கு 'ஒன்றும் செய்ய மாட்டேன்' என்று அர்த்தம். அது எல்லாருக்கும் தெரியும்.

அவளுக்கும் தெரிந்திருக்கிறது. யாரோ சொல்லி, மத்தியஸ்த சபைக்கு எழுதிப் போட்டுவிட்டாள். சமத மண்டலே என்று எங்கள் ஆட்களும் சிங்களத்திலேயே சொல்வார்கள். நீதிமன்றம் மாதிரித் தீர்ப்பெல்லாம் சொல்ல மாட்டார்கள், இரண்டு பக்கத்தையும் உட்கார வைத்துப் பேசி இணக்கப் பார்ப்பார்கள். டவுனில் பாடசாலை மண்டபத்தில், சனிக்கிழமையில் கூடும்.

தோட்டத்தின் சார்பில் துரை போனார். அந்தச் சொல்லின் அர்த்தத்தை விளக்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எனக்கு ஓய்வுக்கு ஒரு வருடம்தான் இருந்தது. அந்தப் பெருமையில் டை கட்டினேன். கலியாணத்துக்குக் கட்டின டை. கக்கத்தில் ஒரு ஆங்கில அகராதி. போனால், உட்காரக் கொடுத்தது இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் வாங்குப் பலகை. முழங்கால் இரண்டும் மோவாயில் இடித்தது. டை தரையைத் தொட்டது. அந்தக் கோலத்தில் நிமிர்ந்து பார்த்தால், சபையில் மூன்று பேர். நடுவில் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவர், சிங்களவர். ஒரு பக்கம் பழைய மருத்துவிச்சி அம்மா. மறுபக்கம், சாட்சாத் நம் ஹமீது நானா.

துரை நிதானமாகத் தன் பக்கத்தைச் சொன்னார். எல்லாக் கோரிக்கையும் முடிந்தது என்று எழுதியிருக்கிறது, காம்பராவும் ஒரு கோரிக்கைதான் என்றார். அதிபர் என்னைப் பார்த்து, "லிபிகரு மஹத்தயா, கையெழுத்து வாங்கும்போது இந்த அம்மாவுக்கு என்ன விளக்கம் சொன்னீர்கள்?" என்று சிங்களத்தில் கேட்டார். லிபிகரு என்றால் கிளாக்கர். நான் வாங்கிலிருந்து எழுந்தேன். வாங்கும் கூடவே எழுந்தது. ஒரு வழியாக அதைக் கழற்றிவிட்டு, ஃபுல், ஃபைனல், செட்டில்மென்ட் மூன்றையும் அகராதியைத் தட்டித் தட்டி விளக்கினேன். நல்ல விளக்கம். துரைகூடத் தலையாட்டினார்.

அதிபர் பாக்கியத்தைப் பார்த்தார். "விளங்கித்தான் கையெழுத்து வைத்தீர்களா அம்மா?"

அவள் என்னைவிட நல்ல சிங்களம் பேசுவாள். ஆனால் நானா இருந்ததாலோ என்னவோ தமிழிலேயே சொன்னாள்.

"விளங்குச்சுங்க. காசு முழுசாக் குடுத்தாங்க, நானும் இனிக் கேக்க மாட்டேன். அதுல ஒரு கொறையும் சொல்ல மாட்டேன். ஆனா காம்பராவைப் பத்தி அன்னைக்கு யாரும் ஒரு வார்த்தை பேசலீங்க. அதோட எல்லாம் முடிஞ்சுதுன்னா, கிளாக்கரய்யா எதுக்குங்க இதை வச்சுக் குடுத்தாரு?"

முந்தானை முடிச்சை அவிழ்த்து அந்த ஒரு ரூபாவை மேசையில் வைத்தாள். மஞ்சள் தடவி வைத்திருந்தாள்.

எனக்கு டை இறுக்கியது. துரை திரும்பி என்னைப் பார்த்தார். இந்த ரூபாவைப் பற்றி அவருக்கு ஒன்றுமே தெரியாது. நானா குனிந்து அதிபரின் காதில் விசயத்தைச் சிங்களத்தில் சொன்னார். அதிபர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது யாருடைய பணம்?"

"என்னோடதுங்க" என்றேன்.

"கையெழுத்துக்கு முன்னமா, பின்னமா?"

"பின்னம்."

"எந்த மேசையில்?"

"தோட்டத்து மேசையில்தான்."

மருத்துவிச்சி அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "எதற்காகக் கொடுத்தீர்கள்?" என்றார் அதிபர்.

துரை உதடு அசையாமல், "டிப்ஸ் என்று சொல்லுங்க, மிஸ்டர் சிவலிங்கம்" என்றார்.

சொல்லியிருக்கலாம். வாயில் வந்தும் விட்டது. என் சேவைக்காலப் பணம் அவருடைய கையில் இருந்தது. நான் உண்மைக்காகத் துணிந்து நின்றேன் என்று இங்கே எழுதினால் பரமேஸ்வரி விழுந்து விழுந்து சிரிப்பாள். நடந்தது இதுதான். நிமிர்ந்தால் நேரே ஹமீது நானா உட்கார்ந்திருக்கிறார், வைத்த கண் வாங்காமல் என்னையே பார்க்கிறார். அந்த மாதமும் அவருக்கு நான் ஒரு ரூபா பாக்கி. அந்த ஆளின் முகத்துக்கு நேரே, ஒரு ரூபாவுக்கு அர்த்தமில்லை என்று எப்படிச் சொல்வேன்?

"டிப்ஸ் இல்லைங்க" என்றேன். "கணக்கு முடிஞ்சுது, ஆனா நீங்களும் நாங்களும் முடிஞ்சு போகலன்னு சொல்றதுக்குக் குடுத்தேன். எல்லாருக்கும் அப்படித்தான் குடுக்குறேன்."

கையிலிருந்த அகராதி கீழே விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தேன். குனிந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் இருந்துவிட்டேன், நிமிர்ந்து துரையின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

அதிபர் துரையைப் பார்த்து மெதுவாகக் கேட்டார். "உங்கள் லிபிகரு சொன்ன விளக்கம் நல்ல விளக்கம். இரண்டு பக்கமும் பேசி ஒத்துக்கொண்டால்தான் செட்டில்மென்ட் என்றார். காம்பராவைப் பற்றி அன்றைக்குப் பேசினீர்களா?"

துரை மேசையிலிருந்த ரூபாவைப் பார்த்தார். அது அவர் எனக்குச் சொல்லித் தந்த விளக்கம், ஒரு சொல் மாறாமல் அவருக்கே திரும்பி வந்திருந்தது. அவர் நினைத்திருந்தால் ஏதாவது சுற்றி வளைத்திருக்கலாம்.

"இல்லை" என்றார். "காசு பேசினோம். அது முடிஞ்சுது. காம்பரா பேசலை."

அதற்குப் பிறகு எல்லாம் சீக்கிரமாக நடந்தது. பணக் கணக்கில் இனி ஒன்றும் இல்லை, அவளும் புருசனும் உயிரோடு இருக்கும்வரை காம்பரா அவர்களுக்கு என்று எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்து வைத்தார்கள். ஹெட் ஆபிசுக்கு நான் பேசிக்கொள்கிறேன் என்றார் துரை. பாக்கியம் மேசையிலிருந்த ரூபாவை எடுத்து மறுபடியும் முந்தானையில் முடிந்துகொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள், புருசனுக்குச் சோறூட்டுகிற நேரம். லொறி இன்றைக்கும் பின்னுக்குப் போய்த்தான் திரும்புகிறது. டிரைவர் ஒவ்வொரு தடவையும் என் பரம்பரையை நினைவுகூருவதாகக் கேள்வி.

ஜீப்பில் திரும்பும்போது துரையே ஓட்டினார். நான் டையைக் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டு, என்னை எங்கே இறக்கிவிடுவாரோ என்று பயந்துகொண்டிருந்தேன். தோட்டத்து வாசலில் ஜீப்பை நிறுத்தினார்.

"மிஸ்டர் சிவலிங்கம், இனி என் மேசையில காசு வைக்கக்கூடாது."

"சரி சேர்."

"படிக்கு வெளிய வச்சுக் குடுங்க."

அப்படியே கொடுத்தேன். அடுத்த வருடம் என் முறையும் வந்தது. ஓய்வு பெறுகிறவருக்குப் பெரிய கிளாக்கர் விளக்கம் சொல்ல வேண்டும் என்பது விதி. துரை விதியை விடுகிற ஆளா? ஆகவே நானே எழுந்து நின்று எனக்கே ஆங்கிலத்தில் வாசித்து, எனக்கே தமிழில் விளக்கி, "விளங்குச்சா?" என்று பழக்கதோசத்தில் கேட்டும் விட்டேன். ஆபிசே சிரித்தது. சாவிக்கொத்து, குடை, குவாட்டர்ஸ் எல்லாவற்றையும் ஒப்படைத்தேன். துரை கையைக் குலுக்கினார். ஃபைலில் இரண்டு தட்டு.

படியிறங்கி வெளியே வந்து நின்றேன். உண்மையைச் சொல்கிறேன், நான் காத்துக்கொண்டுதான் நின்றேன். யாராவது ஒருவர் பின்னால் வந்து ஒரு ரூபா வைத்துக் கொடுப்பார்கள் என்று. அதை வாங்கும்போது எப்படி முகத்தை வைத்துக்கொள்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். துரை வெளியே வந்தார். தலையசைத்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். எல்லாருக்கும் வைத்துக் கொடுத்தவன் நான், எனக்கு வைத்துக் கொடுக்கிற வேலை யாருக்கும் இல்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தப் பெரியவரின் மனசு அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யாருடனும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கிளாக்கர் உத்தியோகம் போன துக்கம் என்று பரமேஸ்வரி அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு ரூபாத் துக்கம் என்று நான் எப்படிச் சொல்வது?

சுகந்திக்கு எழுதியதைப் போன கிழமை நானே பஸ் ஏறிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். 'பணக் கணக்கு முழுதும் தீர்ந்தது. அதில் இனிக் கேட்பதற்கு ஒன்றுமில்லை என இரு பக்கமும் பேசி ஒத்துக்கொண்டோம்.'

அவள் வாசித்துவிட்டு, "சேர், பணக் கணக்குன்னு இங்கிலீஷ்ல இல்லையே?" என்றாள்.

"இங்கிலீஷ்ல இல்லாட்டிப் போகுது. தமிழ்ல இருக்கட்டும் பிள்ளை."

வந்த கையோடு லயத்துப் பக்கம் இறங்கினேன். பாக்கியம் காம்பரா வாசலில் மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். ஓடிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, கருப்பட்டித் துண்டோடு பிளேன்டீ கொண்டுவந்து தந்தாள். புருசன் போய் ஒரு வருடமாகிறது. இந்தக் காம்பராவில், இந்தக் கட்டிலில், அவள் மடியில் தலை வைத்தபடி போனாராம். "அவரு கேட்டபடியே போனாருங்கய்யா. அந்தக் கொடுப்பினை போதும் எனக்கு" என்றாள். சொல்லும்போது கண் நிறைந்தது. எனக்கும்தான்.

பேச்சை மாற்ற வேண்டுமே என்று விளையாட்டாகக் கேட்டேன். "எல்லாருக்கும் ஒரு ரூபா வச்சுக் குடுத்தேன் பாக்கியம். நான் போறப்ப ஒருத்தரும் எனக்கு வைக்கல. அந்த ஒரு ரூபா இன்னும் இருந்தா நீயாவது திருப்பிக் குடேன்."

விளையாட்டாகக் கேட்டதாகத்தான் நினைத்தேன். ஆனால் கை தன்பாட்டில் நீண்டிருந்தது.

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அதே ரூபா. மஞ்சள் ஏறிக் கறுத்துப் போயிருந்தது. உள்ளங்கையில் வைத்து எனக்குக் காட்டினாள். பிறகு, நீட்டிய என் கையைப் பார்த்தபடியே அதை மறுபடி முடிந்து, இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டாள்.

"தர மாட்டேன் போங்கய்யா. தந்துட்டா அதோட தீந்து போயிருமே? நான் உங்களுக்குக் கடன்காரியாவே இருந்துட்டுப் போறேன்."

நான் கையை மடக்கிக்கொண்டு பிளேன்டீயைக் குடித்தேன். மீசையெல்லாம் நனைந்துவிட்டது, தேநீரில்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தபோது அவள் வாசல்வரை வந்தாள்.

"அடுத்த மாசமும் வந்து கேளுங்கய்யா. அப்பவும் தர மாட்டேன்."